செலரித் தழை போட்ட சேமியா

போன வாரம் ஆரணியில் ஒரு காய்க்கடையில் செலரிக் கட்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். நம்ம ஊரில் செலரி! எடுத்து முகர்ந்தேன். ஓமமும் பச்சைப் புல்லும் கலந்த அதே வாசனை. கடைக்காரப் பெண், "சூப்புக்குங்களா?" என்றாள். கட்டை வைத்துவிட்டு வந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் மதராஸில் ஒரு சைனா ஓட்டலில் தட்டு கழுவினேன். அதற்கு முன் லாரி கிளீனர், செங்கல் சூளை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். எந்த வேலையிலும் கால் தரிக்காது. இந்த ஓட்டலில் மட்டும் தங்கினேன். காரணம் வாய்தான். வேலைக்காரர்களுக்குச் சோறும் குழம்பும் வயிறு நிறையப் போட்டார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் நூடுல்ஸ், இறால், செலரி மிதக்கும் சூப் எல்லாம் மேசைக்குப் போய், மிச்சமாகித் திரும்பி வந்தால்தான் எங்களுக்கு. பசியில் தின்றேன் என்றால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். ருசிக்குத் தின்றேன். ஊருக்குப் போனால் தங்கையிடம், "தெனம் சைனா சாப்பாடுதான்" என்று பீற்றிக்கொள்வேன். பொய்யில்லையே.

ஒருநாள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), தான் தறி நெய்யும் முதலாளியின் பட்டுப் புடவைகளை மதராஸ் கடையில் சேர்த்துவிட்டு, என்னைப் பார்க்கப் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். நான் குழாயடியில் குந்தியிருந்தேன். கையில் யாரோ பாதி தின்றுவிட்டுப் போன தட்டு. முள்கரண்டியில் உதட்டுச் சாயம். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கூட்டாளி கத்தினான்: "டேய், ஜல்தி வாடா! மூலை டேபிள்காரன் எறாலைத் தொடவே இல்ல!"

நைனா தட்டைப் பார்த்தார். "துன்னு முடிச்சிட்டு வா" என்றார். பிறகு, எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்பதுபோல, கூடையிலிருந்த தழையைக் காட்டி, "இது இன்னா?" என்றார்.

"செலரி, நைனா."

இரண்டு தண்டு கேட்டு வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

லீவு சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். அம்மாவிடம் சொல்லிவிடுவாரா? சொன்னால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு உட்காருவது? ஆரணி வரும்வரை துண்டிலிருந்து வாசனை வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "உம்புள்ள அங்க நூலு நூலா ஒண்ணு ஆசையா துன்றான். சேமியால செஞ்சி குடு" என்றார். அம்மா கோஸையும் அந்தத் தழையையும் அரிந்து போட்டுக் கிளறினாள். தங்கை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, பட்டு நூல சோடா போட்டு வேகவெச்ச மாரி கீது!" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நைனா சிரிக்கவில்லை.

"அவனுக்கு அந்தப் புதுத் தட்டுல போடு."

"அது பொண்ணு சீருக்கு வெச்சதுங்க. இன்னும் ஒருத்தரும் துன்னாத தட்டு."

"அதுக்குத்தான் சொல்றேன். அதுலயே போடு."

தலை குனிந்து தின்றேன். உப்பா உறைப்பா, ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஓட்டலுக்கு நான் திரும்பிப் போகவில்லை. அது இருந்த சந்தில் இப்போது செருப்புக்கடை. அதன்பிறகு நான் எப்போது ஊருக்கு வந்தாலும் அம்மா, செலரிக்குப் பதில் கொத்தமல்லி போட்டு, அந்தச் சேமியாவைக் கிளறி வைப்பாள். "உனுக்குப் புடிக்கும்னு நைனா சொன்னாரே." இப்போது இரண்டு பேரும் இல்லை. அன்றைக்குப் பார்த்ததை நைனா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்.