இறங்கி நடந்த வளைவுகள்

என் கைப்பையில் அன்று ஒரு கடிதம் இருந்தது. தலைமை ஆசிரியை பதவி உயர்வு எனக்கு வேண்டாம் என்று எழுதிய கடிதம். வாசகம் என் வீட்டுக்காரர் சொன்னது, கையெழுத்து மட்டும் என்னுடையது. மறுநாள் திங்கட்கிழமை அதை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

பதவி உயர்வில் எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, மலைச்சரிவில் இருந்தது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. பஸ்சு நேரமும் பள்ளி நேரமும் ஒத்துவராது. தோட்டத்து ஜீப்பு விடியுமுன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஸ்கூட்டரில்தான் போய்வர வேண்டும். மகள் வாங்கிக் கொடுத்த கியர் இல்லாத ஸ்கூட்டரை எங்கள் ஊர் சிலமலையிலிருந்து போடி வரைக்கும் ஓட்டுவேன். மலை ரோட்டில் ஓட்டப் பயம். "கொண்டை ஊசி வளைவுல நீ வண்டி ஓட்டிக் கிழிச்ச. பேசாம எழுதிக் குடுத்துட்டு இங்கயே இரு" என்றார் அவர். இத்தனை வருஷம் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு இது கசக்கத்தான் செய்தது. ஆனால் பயம் பயம்தானே. எழுதிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போடியில் பழைய ஸ்கூட்டர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருவோம் என்று அவர்தான் என் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் வைத்து இழுத்துக்கொண்டு போனார். ஏலக்காய் மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கியில், ஒரு வியாபாரி தன் ஆசைக்கு வைத்திருப்பது. மூட்டைகள் போன பிறகும் வாசனை போகவில்லை. உள்ளே வரிசை வரிசையாக வண்டிகள். கைப்பிடியைத் திருகிக் கியர் போடுகிறவை, பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி வைத்தவை, விளக்கு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பவை. ஒன்றில்கூடத் தூசி இல்லை. யார் இத்தனையையும் துடைக்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

கடைசி வரிசையில் எங்கள் பழைய வண்டியைப்போலவே ஒன்று நின்றது. அதே சாம்பல் நிறம், பின்னால் ஸ்டெப்னி, புடவை கட்டினவள் ஒருபக்கமாக உட்காரக் கால்பலகை. கல்யாணமான புதிதில் அப்படி ஒரு வண்டியில்தான் மலைமேல் நாத்தனார் வீட்டுக்குப் போவோம். அவருக்கு வாயெல்லாம் பல். வண்டிகளைக் காட்டிக்கொண்டு வந்த வியாபாரியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இதே வண்டி! சாச்சுப் பிடிச்சு ஒரு மிதி, கெளம்பிரும். ரெண்டு பேரும் எத்தன தடவ போடிமெட்டு ஏறியிருக்கோம்! ஒரு தடவ மக்கர் பண்ணுனதில்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "வாய் கூசாமப் பொய் சொல்றீங்களே! வளைவுக்கு வளைவு என்னைய எறக்கிவிட்டுட்டுத்தான ஏறுனீங்க? 'எறங்கி நடந்து வா ஆத்தா, மேல நிக்கிறேன்'னு?"

வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "எல்லா வீட்டுலயும் இதே கததான்மா. ரெண்டு பேரை வச்சு இது எங்க இழுத்துச்சு?"

நான் விடவில்லை. வாயைத் திறந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எந்த வளைவில் சரளை வழுக்கும், எங்கே மழை விட்டு மூன்று நாளானாலும் ரோட்டில் தண்ணீர் ஓடும், எங்கே இறங்குகிற லாரி நம் பக்கம் ஏறி வரும், எங்கே ஒதுங்கி நிற்க இடம் உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிய ரோடு, காலுக்கு மறக்குமா? இப்போது ரோடு அகலமாகிவிட்டது என்றார் வியாபாரி. "அப்ப இன்னும் சௌகரியம்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "இம்புட்டு எனக்கே தெரியாதே" என்றார்.

"நீங்க எங்க ரோட்டப் பாத்தீங்க? வண்டியத்தான பாத்தீங்க."

வெளியே வந்ததும் சாவியைக் கேட்டேன். கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பாமல் மலைப்பக்கம் வண்டியை விட்டேன். பின்னால் அவர் வாய் ஓயவில்லை. "மெதுவா, மெதுவா! ஆரன் அடி! பிரேக்கு, பிரேக்கு!" முதல் வளைவில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டாவதில் பயம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவதில் அவர் போட்ட கூச்சலில்தான் வண்டியே ஆடியது. நான்காவதற்கு முன்னால் ஓரங்கட்டினேன்.

"எறங்குங்க."

"ஏன், வண்டி இழுக்கலையா?"

"வண்டி நல்லா இழுக்குது. நீங்க எறங்கி நடந்து வாங்க. மேல நிக்கிறேன்."

ஆரனை அடித்து, ஏற்றம் முழுவதும் தனியாக ஏறினேன். மேலே ஒதுங்க இடமிருக்கும் என்று தெரியும், இருந்தது. அங்கே நிறுத்திக் கீழே பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் ஏறி வந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சந்தோஷத்தில் கண்ணும் கலங்கிவிட்டது.

பக்கத்தில் வந்ததும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். "அந்தக் கடுதாசியக் கொண்டா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, அடுத்த வளைவுக்கு ஏறிக்கிறவா, நடக்கவா?"

"வாயத் தொறக்காம வர்றதா இருந்தா ஏறுங்க" என்றேன்.