மேற்கே தண்ணீர் வேண்டும்

எங்கள் ஊர்க் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. பிறந்ததிலிருந்து இங்கே இருந்தும் எனக்கு அது உறைத்தது ஓர் ஐப்பசி மாலையில்தான்.

சாரம் என்கிற எங்கள் பேட்டையில், எங்கள் வீட்டு மாடியில் ஒரு பீகார் குடும்பம் குடியிருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில், நான் ஆபீசில் இருக்கும் பிளாஸ்டிக் கம்பெனியில்தான் அந்த அண்ணனுக்கு மெஷின் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். ரேஷன் கடைத் தகராறு, ஆஸ்பத்திரி சீட்டு என்று தெருவில் எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஷிப்டுக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசியே இந்தியும் கற்றுக்கொண்டேன். அதனால்தான் அந்த வீட்டு அக்கா தன் நேர்ச்சைக்கு இடம் தேடி என்னிடம் வந்தாள்.

கைக்குழந்தை காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது அவள் சட் பூஜைக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். குழந்தை பிழைத்துவிட்டது. இனி சொன்னதைச் செய்ய வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருந்து, மாலையில் நீரில் நின்று மறையும் சூரியனைக் கும்பிட வேண்டும். மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனை. ஒன்று தவறினாலும் நேர்ச்சை நிறைவேறாது.

"கடலே இருக்குதேம்மா, இதுக்குப் போயி யோசிக்கிற" என்றார் அப்பா. எனக்கும் அப்படித்தான் பட்டது. யார் வந்தாலும் நாங்கள் முதலில் கூட்டிப்போவது பீச்சுக்குத்தானே.

அண்ணன் பூஜைக் கூடையைத் தலையில் சுமந்து வெறுங்காலோடு வந்தார். அக்காவும் அவளோடு விரதமிருந்த இரண்டு பெண்களும் மூக்கு நுனியிலிருந்து வகிடு வரை ஆரஞ்சு நிறக் குங்குமம் இழுத்திருந்தார்கள். அக்கா அலையில் இறங்கி நின்றாள். எதிரே சாம்பல் நிறத்தில் கடல். திரும்பினாள். கட்டடங்களுக்குப் பின்னால் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"தீதி, சூரியன் எங்க?" என்று என்னைக் கேட்டாள். அவள் பாஷையில் அவளுக்கு நான் அக்கா.

"அது பஸ் ஸ்டாண்டு பக்கமா போயிட்டுது" என்றார் அப்பா. சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலாகிவிட்டது.

அக்கா அழவில்லை. "காலைல இங்க சரி. இப்ப அந்தப் பக்கம் தண்ணி வேணும்" என்று மேற்கைக் காட்டினாள். உதடு வெடித்திருந்தது.

மேற்கே தண்ணீர். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் நினைவுக்கு வந்தது. துறைமுகத்துக் கரையில் நின்றால் கழிமுகத்துக்கு அப்பால் தென்னைகளுக்கு மேலே சூரியன் இறங்கும். இரண்டு ஆட்டோ பிடித்தோம்.

போய் இறங்கியதும் ஒரு படகுக்காரர் வழியை மறித்தார். "இன்னாம்மா, மீன் எறக்கற எடத்துல இத்தினி கூட்டம்?"

"பூஜைண்ணே. கொஞ்ச நேரந்தான்."

"இந்திக்காரங்க சாமிக்கு இங்க இன்னா வேலை?"

"மாசி மகத்துக்கு எத்தினி ஊரு சாமி நம்ம கடலுக்கு வருது? எந்த ஊரு, என்னா பாஷைன்னு கேட்டா எறக்கறீங்க? பந்தல் போட்டு மோர் ஊத்தறீங்க இல்ல?"

"அது சாமியே வருது. இங்க சாமி எங்க?"

நான் மேற்கே கை காட்டினேன். "அதோ எறங்கிக்கினு இருக்குது. சீக்கிரம் சொல்லுங்க."

பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சிரித்துவிட்டார். "மாட்டினியா? போ, அந்தப் படகத் தள்ளிக் கட்டு." பிறகு அக்காவின் கூடையை எட்டிப் பார்த்தார். "மொறம், கரும்பு, மஞ்சக்கொத்து... நம்ம பொங்கலாட்டம் இருக்குது. மீன் கழுவுன தண்ணில நிக்காத கண்ணு, இப்படி மேல வா. இங்க சுத்தமா இருக்கும்."

படகு நகர்ந்தது. அக்கா முழங்காலளவு நீரில் இறங்கினாள். ஒரு மேகம் வேறு வந்து மறைத்தது. பிறகு மேகத்துக்கும் தென்னைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் சூரியன் முழுசாக வந்து நின்றது. அவள் முறத்தை உயர்த்தினாள். அப்பா தோளிலிருந்த குழந்தையை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினார். பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். ஏலம் கூவிக்கொண்டிருந்தவர்கூடக் குரலைத் தாழ்த்தினார். பரீட்சையில் ஜெயித்த நாட்களில்கூட என் நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை.

மறுநாள் விடியலில் எங்கள் கடல் தன் பங்கைச் சரியாகச் செய்தது. சூரியனைக் கும்பிட்டுக் கரையேறிய அக்கா என் கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த அவர்களுடைய பலகாரத்தை நாங்கள் துறைமுகத்துக்கு எடுத்துப் போனோம். அந்தப் படகுக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "கெட்டியா இருக்குது. கடலுக்கு எடுத்துனு போவலாம்" என்று இன்னும் இரண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

இந்த வருஷம் சாரத்திலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பல குடும்பங்கள் பூஜைக்கு வருகின்றன. முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று போன வாரம் துறைமுகத்துக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அந்தப் படகுக்காரரே கேட்டார்:

"சாமி என்னிக்கும்மா எறங்குது? படகெல்லாம் அந்தாண்ட கட்டணும்."