அறுநூற்று நாற்பது ‘ம்’

கீழ்வீட்டுப் பெண் கதவைத் தட்டிவிட்டு, நான் எழுந்து வந்து திறப்பதற்குள் போனில் பதிவுப் பொத்தானை அழுத்திவிடுகிறாள். “மாமா, இது டேட்டா. நீங்க சாதாரணமாப் பேசுங்க” என்று சொல்லி, போனை என் மேசைமேல் குப்புற வைத்துவிட்டு எதிரே உட்காருகிறாள். சாதாரணமாகப் பேசு என்று சொன்ன பிறகு எந்த மனிதனுக்குச் சாதாரணமாகப் பேச்சு வரும்? முதல் இரண்டு நாள் வார்த்தைக்கு வார்த்தை இலக்கணம் பார்த்துப் பேசினேன். மூன்றாம் நாள் போன் இருப்பதே மறந்துபோயிற்று. அவள் காத்திருந்ததும் அதற்குத்தான்.

வயது பன்னிரண்டு. ஏழாம் வகுப்பு. எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் கீழ்வீடு. கட்டடத்தில் அவளுக்குக் ‘கேள்வித்தாள்’ என்று பெயர். வைத்தது தரைத்தளத்து எலக்ட்ரீஷியன். அவர் ஒரு சுவிட்சை மாட்டி முடிப்பதற்குள் பதினேழு கேள்வி கேட்டாளாம். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. கேள்வித்தாளில் பதில் இருக்காது, அது ஒன்றுதான் குறை என்று என்னிடம் சொன்னாள்.

யோசனை வந்தால் சட்டைக் காலரை இழுத்து வாயில் வைத்துக் கடிப்பாள். பள்ளிச் சட்டையின் இடதுபக்கக் காலர் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். “எல்லாரும் அப்படித்தான்” என்று யாராவது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் போதும், “எல்லாரும்னா எத்தனை பேரு?” என்று பிடித்துக்கொள்வாள். நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திப் பிழைக்கிறவன். ஒரு நாளைக்கு நூறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். நடுவில் இவள் வந்து உட்கார்ந்தால் அறுபதோடு நின்றுவிடும். எரிச்சலாக வரும். வராத நாளில் அதைவிட எரிச்சலாக வருகிறது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்காக, வெளியூரில் ஒரு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவு ஆய்வு முகாம் நடத்துகிறது. பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும். சும்மா பெயரைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார முடியாது. சொந்தமாக ஒரு கேள்வி, அதற்குச் சேகரித்த டேட்டா, அதை வைத்துப் பழக்கிய ஒரு கணினி மாடல், என்ன தெரியவந்தது என்று ஓர் அறிக்கை, எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பள்ளிக்கு ஒரே ஓர் இடம். கம்ப்யூட்டர் சார் புதன்கிழமை தோறும் நடத்துகிற வகுப்பில் பத்துப் பிள்ளைகள். ஒருவன் இலைகளைப் படமெடுத்துப் பிரித்தான். ஒருத்தி குப்பையைப் பிரித்தாள். கேள்வித்தாள் எடுத்துக்கொண்டது ‘ம்’.

நாம் நாளெல்லாம் போடுகிறோமே, அந்த ‘ம்’தான். சரி என்பதற்கும் ‘ம்’. மேலே சொல்லு என்பதற்கும் ‘ம்’. என்ன என்று கேட்பதற்கும், பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதற்கும் அதே ‘ம்’. எது எந்த ‘ம்’ என்று இயந்திரத்தால் சொல்ல முடியுமா என்பது அவள் கேள்வி. ‘ம்ஹும்’ கிடையாதா என்று கேட்டேன். “அதை யாரு வேணா கண்டுபிடிச்சிடுவாங்க மாமா” என்று ஒதுக்கிவிட்டாள். எனக்கு ‘ம்’ என்றால் ஒரு மெய்யெழுத்து, புள்ளி விட்டுப்போயிருந்தால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் அலைந்தாள். பன்னிரண்டு பேரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்கள் பேச்சைப் பதிவுசெய்து, ஒவ்வொரு ‘ம்’மாக வெட்டியெடுத்தாள். வெட்டும்போது அதற்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வியையும் சேர்த்தே வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை, அவருடைய ‘ம்’ எல்லாம் போனில் வந்தவை. என் மனைவியுடையது முப்பத்தொன்று. அம்மாவுடையது எண்பத்தெட்டு. மொத்தம் அறுநூற்று நாற்பது. ஒவ்வொன்றையும் ஹெட்போனில் கேட்டு, நான்கில் ஒரு லேபிள் ஒட்டினாள்: சரி, மேலே சொல்லு, என்ன, பார்க்கலாம். ஐந்நூற்றுப் பன்னிரண்டை மாடலுக்குக் கொடுத்துப் பழக்கினாள். மீதி நூற்று இருபத்தெட்டை அதன் கண்ணில் காட்டாமல் வைத்திருந்து பரீட்சை வைத்தாள். நூற்றுப் பதினேழு சரி.

கம்ப்யூட்டர் சாருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை பள்ளி முழுவதையும் மைதானத்தில் நிறுத்தி அறிவித்துவிட்டார், இவள்தான் போகிறாள் என்று. அடுத்த வியாழக்கிழமை காலைக்குள் அறிக்கையும் பெற்றோர் கையெழுத்தும் போய்ச் சேர வேண்டும். வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காத பெண்ணாயிற்றே, அம்மா என்ன சொன்னார் என்று விசாரித்தேன். “அம்மாகிட்ட அப்பவே கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க” என்றாள். முகமெல்லாம் பல்.

அவள் அம்மா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். காலை ஆறரைக்குப் போனால் மதியம் மூன்றுக்கு வருவார். அறிவிப்புக்கு அடுத்து வந்தது சனிக்கிழமை. பள்ளி இல்லாததால் இவளும் கூடப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாளாம். வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா, “உங்க பேரு சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க” என்று கேட்டு, அவர்கள் சொன்ன பிறகுதான் குப்பியில் லேபிள் ஒட்டினார். பெயர்தான் சீட்டிலேயே இருக்கிறதே, படித்துக் காட்டி நீங்கள்தானே என்று கேட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று இவள் கேட்டிருக்கிறாள். அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நாம பேரைச் சொன்னா எல்லாரும் ‘ம்’னுடுவாங்கடி. பக்கத்துல இருக்கறவரு பேரைச் சொன்னாக்கூட ‘ம்’தான்” என்றாராம். சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவள் போனை எடுக்கவில்லை. காலர் வாயிலேயே இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

“நான் யாரையும் கேக்கவே இல்ல மாமா. அவங்க ‘ம்’முக்கு நானே லேபிள் போட்டுட்டேன்.”

எனக்கு விளங்கவில்லை. நூற்றுப் பதினேழு சரியாக வந்ததே என்றேன்.

“அது எப்படி வந்துச்சுன்னா, எனக்கு எது ‘சரி’ மாதிரிக் கேக்குதோ அதுதான் அதுக்கும் ‘சரி’. அது ‘ம்’மைக் கத்துக்கல மாமா. என் காதைக் கத்துக்கிச்சு.”

மறுநாள் காலையிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது பதிவு கிடையாது. அவரவர் ‘ம்’மை அவரவருக்கே போட்டுக்காட்டி, அப்போது என்ன நினைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டு, அவர்கள் வாயால் சொன்னதை எழுதிக்கொண்டாள். எலக்ட்ரீஷியனிடம், நாளைக்கு வந்து ஃபேனைப் பார்க்கிறீர்களா என்ற கேள்விக்கு அவர் போட்ட ‘ம்’மைக் காட்டியிருக்கிறாள். அதற்கு அவள் ஒட்டியிருந்தது ‘சரி’. அவர் கொஞ்சம் நெளிந்துவிட்டு, “மாட்டேன்னுதான் அர்த்தம். ஆனா மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னா நல்லா இருக்காதுல்ல” என்றாராம். என் மனைவி தன்னுடைய முப்பத்தொன்றையும் பொறுமையாகக் கேட்டாள். அதில் பத்தொன்பது கோபம் என்று சொன்னாள். எல்லாம் என்னிடம் பேசும்போது போட்டவை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்தத் தகவல் எனக்கு ஓர் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அட்டவணையிலிருந்துதான் கிடைத்தது.

என் முறையும் வந்தது. பதினான்காவது துண்டில், பள்ளியில் ஒரு தோழி தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதைப் பற்றி அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் நடுநடுவே ‘ம்’ போடுகிறேன். ‘மேலே சொல்லு’ என்று லேபிள் ஒட்டி வைத்திருந்தாள். எனக்குத் தோழி ஞாபகமே இல்லை. அப்போது நான் ஒரு சமையல் புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான் அதைக் கேட்கவே இல்லை என்று சொல்லும்போது எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “உங்களை மாதிரி நிறையப் பேரு இருக்காங்க” என்று சொல்லி, ‘மாட்டேன்’, ‘கோபம்’ என்பவற்றோடு புதிதாகத் திறந்திருந்த இன்னொரு லேபிளில் போட்டுக்கொண்டாள். அந்த லேபிளின் பெயர் ‘கேக்கல’. திங்கட்கிழமை அதில் எழுபது சேர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை நூற்று முப்பது.

அம்மாவுடையதை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் திருத்தி மறுபடி பரீட்சை வைத்துப் பார்த்தாள். நூற்று இருபத்தெட்டில் எழுபத்து நான்கு. கம்ப்யூட்டர் சார் ஆடிப்போய்விட்டார். முதல் அறிக்கையையே அனுப்பு, இதை முகாமுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு, எழுபத்து நான்கைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு போவாய், பள்ளிக்கு இருப்பது ஒரே இடம், அதுவும் போய்விடும் என்று கோபமாகவும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. இவள் காலரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “ரெண்டு நம்பரையும் போடறேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அறிக்கை பிழைதிருத்தத்துக்கு என்னிடம் வந்தது. பதினோரு பக்கம். ஒற்றுப்பிழை ஏகப்பட்டது. ஏழாம் பக்கத்தில் ‘நான் செய்த தவறு’ என்று ஒரு தலைப்பு. இப்படிப் பச்சையாக எழுத வேண்டாமே, ‘குறைபாடுகள்’ என்று மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். “குறைபாடு தானா வர்றது மாமா. இது நான் செஞ்சது” என்றாள். நான் தலைப்பைத் தொடவில்லை. ஒற்றெழுத்துகளை மட்டும் போட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் திருத்திய பக்கங்களைக் கொடுக்கக் கீழே இறங்கினேன். அடுக்களையில் அவள் அம்மா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். இவள் மேடையோரம் நாற்காலியைப் போட்டு, லேப்டாப்பில் ஒவ்வொரு துண்டாக ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முகாமின் படிவம், பெற்றோர் கையெழுத்துக்கான இடம் காலியாக. அதை ஒரு சம்பிரதாயமாகத்தான் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. அம்மா திரும்பிப் பார்க்காமலேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். சரி. கேக்கல. என்ன. கேக்கல. கேக்கல. “வாங்கண்ணா, உட்காருங்க, இவ என்னை ஒரு வழி பண்ணிட்டா” என்று என்னிடமும் சொன்னார்.

நாற்பத்தொன்றாவது துண்டு வந்தது. அவளுடைய குரல்தான்: “அம்மா, என்னை எடுத்தாங்கன்னா பத்து நாள் அங்கேயே தங்கணும். போகட்டுமா?” குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு அம்மாவின் ‘ம்’.

திரையில் அந்த வரிசைக்கு நேரே அவள் முன்பே ஒட்டியிருந்த லேபிள் தெரிந்தது. சரி.

கரண்டி நின்றது. இன்னொரு தடவை போடச் சொன்னார் அம்மா. போட்டாள். ‘சரி’ என்று சொல்லிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லிவிடுங்களேன் அம்மா என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் நின்றேன்.

“இதுல நான் கேக்கலடி” என்றார் அவர். “பத்து நாளா?”

அவள் ‘சரி’யை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் ‘கேக்கல’ என்று அடித்தாள். அடித்துவிட்டு நாற்பத்திரண்டாவது துண்டுக்குப் போனாள். அதை ஒலிக்கவிட வேண்டிய விரல் மட்டும் விசைமேல் அப்படியே இருந்தது.

அம்மா அடுப்பை அணைத்தார். வெங்காயம் பாதிகூட வதங்கவில்லை. கையை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்து மகளுக்கு நேர் எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கப் போட்டு உட்கார்ந்தார்.

“அது கெடக்கட்டும். இப்பக் கேளு.”

அவள் வாயைத் திறந்தாள். “ஒரு நிமிஷம்” என்று அம்மா எழுந்தார். சுவரில் இரைந்துகொண்டிருந்த புகைவிசிறியையும் நிறுத்திவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார்.