குப்பைத்தொட்டிப் பக்கம் திரும்பியவர்

என் கணவர் வேலாபி ம்பாத்தா டர்பனில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். வருடத்தில் ஒரு நாள், மலையிலிருந்து கடற்கரை மைதானம் வரை நடக்கும் நாற்பது மைல் பந்தயத்தில் ஓடுவார்.

பதினோரு வருடம் எண் இல்லாமல் ஓடினார். அப்போதெல்லாம் கறுப்பருக்கு எண் தரமாட்டார்கள். சாலையில் ஓடினால் கண்டுகொள்ளமாட்டார்கள். மைதானத்துக்குள் மட்டும் கால் வைக்கக்கூடாது. வாசல் வந்ததும் இடதுபக்கம் ஒதுங்கி, வேலி ஓரமாகக் குப்பைத்தொட்டிகள் பக்கம் வருவார். அங்கே நான் தண்ணீரோடு நிற்பேன். அவ்வளவுதான் அவர் பந்தயம். மறுநாள் செய்தித்தாளில் அவருக்குப் பின்னால் வந்தவன் பெயரெல்லாம் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"ரோட்டுக்குத் தெரியும், போடி" என்று சிரிப்பார்.

பன்னிரண்டாம் வருடம் விதியை மாற்றினார்கள். முந்நூற்றுப் பதினெட்டாம் எண்ணை அவர் சட்டையில் நானே தைத்தேன். ஆறு மணி நேரத்துக்குள் மைதானத்தில் கட்டியிருக்கும் எல்லை நாடாவைத் தாண்டினால்தான் பெயர் பதிவாகும்.

பந்தயத்தன்று எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் மைதான வாசலில் நின்றோம். கடைசி ஏற்றத்தில் அவருக்குக் கால் நரம்பு பிடித்து இழுத்திருக்கிறது. நொண்டிக்கொண்டு வந்தார். ஒன்றரை நிமிடம்தான் மீதி. வாசலுக்கு வந்தவர் சட்டென்று இடதுபக்கம் திரும்பிவிட்டார்! பதினோரு வருடப் பழக்கம், கால் அதுவாகவே போகிறது.

"அய்யய்யோ அண்ணி, அண்ணன் குப்பைத்தொட்டிக்குப் போறாரு!" என்று கத்தினாள் அவர் தங்கை தோக்கோ.

எங்கள் வழக்கப்படி கணவரைப் பெயர் சொல்லாமல் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்; அவர் குலம் ஷாண்டு.

"ஷாண்டு! ஷாண்டு! அங்க எங்க போறீங்க?"

கூட்ட இரைச்சலில் கேட்கவில்லை. பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து "ஷாண்டு!" என்று கத்தினோம். நின்று திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி எங்கடி?"

"தண்ணியா? நெஞ்சப் பாருங்க, நம்பர் இருக்கு! உள்ள ஓடுங்க!"

குனிந்து எண்ணைப் பார்த்தார். பிறகு அந்த நொண்டிக்காலோடு மைதானத்துக்குள் ஓடினார். ஒன்பது வினாடி மிச்சமிருக்க நாடாவைத் தாண்டினார்.

மறுநாள் செய்தித்தாளில் கடைசி வரியில் அவர் பெயர். அதை விரலால் தடவியபடியே உட்கார்ந்திருந்தார்.

"ரோட்டுக்குத்தான் தெரியுமே, இது எதுக்கு?" என்று சீண்டினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஊருக்கும் தெரியட்டுமேடி."