முதுகு திறந்த பச்சைச் சட்டை

என் பெரியம்மாவின் மகள் எனக்கு மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. ஊரை விட்டு வந்து குடியேறிய குளிர் நாட்டில், மோர்னிங்சைட் என்ற பகுதியில், ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர்கள் ஏழாம் மாடி, நாங்கள் நாலாம் மாடி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். அவள் என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். அதனால் அவளுக்குக் கட்டையாகிப்போன உடுப்பெல்லாம் மூன்று மாடி இறங்கி எனக்கு வரும், குளிர்கால ஜாக்கெட் உட்பட. "புதுசு மாதிரித்தானே கிடக்கு" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். புதுசு மாதிரி என்றால் புதுசு இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆகவே தொண்ணூறுகளின் நடுவில், பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில், புரோம் என்கிற நடன விருந்துக்கு எங்கள் இருவரையும் விட வீட்டில் சம்மதித்தபோது, எனக்கு நடனத்தைவிட வேறொன்றில்தான் சந்தோஷம். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் உடுப்பு வேண்டும். அவள் போட்டு முடித்தது எனக்கு வரமுடியாது. அவளுடைய உடம்பின் வடிவம் ஏற்கெனவே பதிந்திராத ஒரு சட்டை, எனக்கென்றே ஒன்று, கடையிலிருந்து நேராக வரப்போகிறது. அதற்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

சம்மதம் சும்மா கிடைக்கவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் ஒரு கிழமை, ஏழு நாளும், தேத்தண்ணி குடித்துக் குடித்து யோசித்தார்கள். கடைசியில் பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். "போறதெண்டால் ரெண்டு பேரும் சேந்து போய்ச் சேந்து வரவேணும். ஒருத்தி நிண்டால் மற்றவளும் நிக்கவேணும்." சட்டைக்கும் நிபந்தனை இருந்தது. கை இருக்கவேண்டும், கழுத்து மூடியிருக்கவேண்டும், கணுக்கால் வரை நீளம் வேண்டும். முதுகைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முதுகில் துணி இல்லாமல் ஒரு சட்டையை உலகத்தில் யாராவது தைப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் எடுத்து, கடைகள் நிறைந்த மோலுக்குப் போனோம். மூன்றாவது கடையில் அதை நான்தான் முதலில் கண்டேன். கடும் பச்சையில் வழுவழுவென்று மினுங்கும் சற்றின் துணி. முழுக்கை, கழுத்தோடு ஒட்டிய வெட்டு, நிலம் தொடும் நீளம். திருப்பிப் பார்த்தால் தோளிலிருந்து இடுப்பு வரை வெறுமை. தொங்கவிட்டிருந்த கொழுவியோடு அதைத் தூக்கி என் மேல் வைத்துப் பார்த்தேன். இதுதான் என் சட்டை என்று முடிவே செய்துவிட்டேன். ஆனால் முதலில் கண்டதை உடனே எடுக்கக்கூடாது, கடை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்பது அம்மா எனக்குப் புடவைக் கடைகளில் பழக்கிய பழக்கம். அதை இருந்த இடத்திலேயே கொழுவிவிட்டுச் சுற்றப் போனேன்.

திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. அக்கா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் காது சுட்டது. ஏனென்றால் அவளுக்கு அது அவ்வளவு பொருந்தியிருந்தது. கடைக்காரப் பெண் எல்லோருக்கும் அழகு என்று சொல்கிறவள், இவளைப் பார்த்ததும் உள்ளே நின்ற மற்றப் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினாள். "நல்லா இருக்கு" என்றேன் நான். அது நான் கண்டது என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு, ஏதாவது எடுக்கத்தானே வேண்டும் என்று ஒரு வெளிர் மஞ்சள் சட்டையை எடுத்தேன். அதில் நான் காமாலை வந்து இரண்டு கிழமை படுத்து எழும்பியவள் போல இருந்தேன். "உனக்கு உது வடிவா இருக்கு" என்று அக்கா சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டில் அவள் பச்சைச் சட்டையைக் கொழுவியோடு பிடித்து முன்பக்கத்தை மட்டும் காட்டினாள். கை இருந்தது, கழுத்து இருந்தது, நீளம் இருந்தது. பெரியம்மா துணியைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "பாத்தியே, மூடிக்கட்டி எவ்வளவு மரியாதையா இருக்கு" என்று என் அம்மாவுக்குச் சொன்னார். இருவரும் என் மஞ்சளைப் பார்த்தார்கள். "உதுவும் பரவாயில்லை" என்றார் அம்மா.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் கறி கொடுத்துவிட அம்மா என்னை மேலே அனுப்பினார். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா யன்னலடியில் தையல் மெசினில் யாருக்கோ சேலைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, அக்கான்ரை சட்டையின்ரை பின்பக்கம் பாத்தனீங்களோ?"

"ஏன், என்ன?"

"ஒண்டுமில்லை. நல்லா இருக்கு, அதுதான் கேட்டனான்."

கறிச்சட்டியை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பொய் எதுவும் சொல்லவில்லை என்று படியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று பின்னேரமே ஏழாம் மாடியில் பூகம்பம். அவள் போகத் தேவையில்லை என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அக்கா அழுதாளாம், சாப்பிடவில்லையாம். அம்மா வந்து சொன்னபோது எனக்கு ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது. அடுத்த நிமிடம் அம்மா சொன்னார்: "அப்ப நீயும் நிக்கவேண்டியதுதான்." என் கெட்டித்தனத்தில் அந்த நிபந்தனையை மறந்தே போயிருந்தேன். இரண்டு நாள் நானும் சாப்பிடவில்லை. அக்காவில் உள்ள பாசத்தில் என்று அம்மா நினைத்தார். எனக்கு என்னைப் பற்றிய கவலை மட்டும்தான்.

மூன்றாம் நாள் பெரியம்மா மனம் இளகினார். சட்டையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லையாம், துணி அவ்வளவு நல்ல துணியாம். சேலையோடு வந்து வருடக்கணக்காகத் தைக்காமல் கிடந்த ஒரு பிளவுஸ் துண்டை அலுமாரியிலிருந்து எடுத்தார். அரக்கு நிறப் பட்டு, விரலகலச் சரிகைக் கரை. பச்சையின் முதுகுக்கு அதை அளந்து வெட்டி, சரிகை நடு முதுகில் நேராக இறங்கும்படி வைத்துத் தைத்து, கழுத்தில் இரண்டு நாடாவும் முடிச்சும் வைத்தார்.

புரோம் நடந்த மண்டபத்தில் நூறு பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேரின் சட்டைகள் அதே மோலில் வாங்கியவை. பச்சை சற்றினில் அரக்குப் பட்டும் சரிகையும் வைத்த முதுகு ஒருத்திக்கும் இல்லை. நாங்கள் உள்ளே போய்ப் பத்து நிமிடத்துக்குள் பெண்கள் அவளைத் திருப்பித் திருப்பி நிற்கவைத்தார்கள். எங்கே வாங்கினாய் என்று வரிசையில் வந்து கேட்டார்கள். கணித ஆசிரியை கூட வந்து சரிகையைத் தொட்டுப் பார்த்தார். தன் அம்மா தைத்தது என்று அக்கா எல்லோருக்கும் சொன்னாள். நான் பக்கத்தில் மஞ்சளாக நின்றேன். அப்படி ஒரு சட்டை அவளுக்குக் கிடைக்க வழி செய்தவள் நான்தான் என்பதை நினைத்து, கையில் இருந்த கோக்கைக் குடிக்காமலே மேசையில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நாங்கள் இருவரும் தனியே நின்றோம். என் தலையில் கழன்ற கிளிப்பை அவள் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"கடையிலை இந்தச் சட்டையை முதல் எடுத்துப் பாத்தது நீதானே?" என்றாள். "நான் கண்டனான்."

நான் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினேன்.

"நீ திருப்பி வைச்சிட்டுப் போனதாலை உனக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சிட்டன். ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் தந்திருப்பனே. அதுக்கு ஏன் அம்மாட்டைப் போய்ச் சொன்னனீ?"

கோபமாகக் கேட்கவில்லை. வீட்டுப்பாடத்தில் விளங்காத ஒன்றைக் கேட்பது போலக் கேட்டாள். கிளிப்பைப் பூட்டி, என் தோளில் ஒட்டியிருந்த ஒரு முடியையும் தட்டிவிட்டாள். பிறகு, வா என்று என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

தந்திருப்பாள். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அந்தக் கடையிலேயே கழற்றி என் கையில் தந்துவிட்டு, அந்த மஞ்சளைப் போட்டுக்கொண்டு அதிலும் வடிவாக நின்றிருப்பாள். அதனால்தான் நான் கேட்கவில்லை.