துரைக்கண்ணு ஓட்டிய கரி பஸ்

யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸும் கரிக்கு மாறியது. பஸ்ஸின் முதுகில் ஆளுயரப் பீப்பாய் ஒன்றை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் இஞ்சினை ஓட்டினார்கள். சமதரையில் எப்படியோ ஓடும். ஏற்றம் வந்தால் இருமும். ஏற்றத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டாலோ நின்றே போகும். ஏறியிருக்கிற ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் டிரைவர் யாருக்காகவும் பிரேக்கில் கால் வைக்கமாட்டான்.

சைக்கிள்காரர்களுக்கு வேறொரு பாடு. ரோடு என்றால் ஒரு வண்டி போகிற அகலத்துக்குக் கப்பிக்கல் போட்ட தடம். இரண்டு பக்கமும் ஒரு சாண் பள்ளத்தில் மண். மண் முழுக்கக் கருவேல முள். டயரும் டியூபும் கடையில் கண்ணால் பார்க்கவே முடியாத காலம் அது. ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்டு, டியூபே ஒட்டாகிப் போயிருந்தது. மண்ணில் இறங்கினால் பஞ்சர் நிச்சயம். அதனால் பஸ் சத்தம் காதில் விழுந்தாலும், கப்பியை விட மனசில்லாமல் கடைசி வரைக்கும் மிதிப்பார்கள்.

அப்படி மிதித்தவர்களில் இரண்டு பேர் துரைக்கண்ணுவும் வீரபத்திரனும். பொதட்டூர்பேட்டைக்காரர்கள். திருத்தணி ஸ்டேஷனில் வந்து இறங்கும் நூல் சிப்பத்தைக் கேரியரில் கட்டி ஊருக்குக் கொண்டுபோவார்கள். ஊரில் நெய்த கைலிகளைத் திருத்தணிக் கடைகளுக்குக் கொண்டுவருவார்கள். துரைக்கண்ணுவின் பெரியப்பா மகள் கௌரியம்மாளைத்தான் வீரபத்திரன் கட்டியிருந்தான். துரைக்கு அவன் அக்கா புருஷன், பாவா. தாய் தகப்பன் போனபிறகு துரைக்குச் சோறும் அந்த வீட்டில்தான்.

பஸ்ஸை அப்போது ஓட்டியவன் கஜபதி. சைக்கிளைக் கண்டால் அவனுக்கு ஒரு குஷி. ஹாரன் அடிக்காமல் பக்கத்தில் வந்து உரசுகிற மாதிரி போவான். பின்படியில் தொங்கும் கிளீனர், கரி கிளறும் இரும்புக் கம்பியால் சைக்கிள்காரன் தலைப்பாகையைத் தட்டிவிடுவான். பஸ்ஸே சிரிக்கும். ஒருநாள் அந்தக் கம்பி பீப்பாயிலிருந்து அப்போதுதான் எடுத்த கம்பியாக இருந்தது. அது துரையின் தோள்பட்டையில் பட்டது. சட்டையோடு தோல் கருகியது. சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தான். நூல் சிப்பம் அவிழ்ந்து சேற்றில் புரண்டது. சிரிப்புச் சத்தம் தூரத்தில் போய்க் கரைந்தது.

வீரபத்திரன்தான் அவனைத் தூக்கி உட்காரவைத்துத் தோளில் தண்ணீர் ஊற்றினான்.

"எரியுதாடா?"

துரை வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். "பாவா, நான் அந்த பஸ்ல ஏறிடறேன்."

"சைக்கிள யாரு கொண்டாறது?"

"இன்னிக்கில்ல. வேலைக்குச் சேர்ந்துடறேன்."

துரை விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று வீரபத்திரன் நினைத்தான். ஆனால் தோள் ஆறுவதற்குள் துரை பஸ் முதலாளி ராஜமாணிக்கத்தின் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டான். கரி அள்ளவும் பீப்பாய் கழுவவும் ஆள் நிலைக்காமல் ஓடிக்கொண்டிருந்த நேரம். மறுநாளே கிளீனராக ஏறினான். தோளில் ஆறாத புண்ணோடு நின்ற அவனை கஜபதிக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை. அதுதான் துரைக்குச் சுட்டதைவிட அதிகமாக வலித்தது.

"அதோ போறான் பாரு, செகப்பு முண்டாசு. தட்டு" என்றான் கஜபதி, கனகம்மாசத்திரத்துக்கு ஒரு கல்யாண டிரிப் போனபோது.

துரை கம்பியை எடுத்தான். முண்டாசு பறந்தது. பஸ் சிரித்தது. இந்தச் சிரிப்பு உள்ளேயிருந்து கேட்கும்போது இப்படியா இருக்கும் என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. வெதுவெதுப்பாக, தன்னையும் தோளில் கைபோட்டுச் சேர்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் கஜபதி மிலிட்டரி லாரி ஓட்டப் போய்விட்டான். அதற்குள் துரை ஓட்டப் பழகி லைசென்சும் வாங்கியிருந்தான். ஸ்டியரிங் அவன் கைக்கு வந்தது.

அன்று சாயங்காலம் கௌரியம்மாள் அவனுக்குத் தனியாகக் கறி ஆக்கிப் போட்டாள். வீரபத்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இனிமே மண்ணுல எறங்கவேணாம்டா எனக்கு" என்றான். "சிப்பத்தக் கட்டிகினா பின்னால திரும்பிப் பாக்க முடியல. நீ ஒண்ணு செய். ஹாரன ரெண்டு தட்டு தட்டு. நம்ம துரைன்னு தெரிஞ்சுக்குவேன். நான் கப்பி ஓரமா நேரா போயிகினே இருக்கேன். நீ மெதுவா தாண்டிப் போ. இன்னா?"

"ஆங், பாவா. அதுக்கின்னா" என்றான் துரை.

அப்படியே நடந்தது. இரண்டு தட்டு. வீரபத்திரன் திரும்பாமலே இடது கையைத் தூக்கிக் காட்டுவான். பஸ் மெதுவாக விலகித் தாண்டும். மற்ற சைக்கிள்காரர்களுக்கும் துரை கொஞ்ச நாள் வேகத்தைக் குறைத்தான். கம்பியைத் தொடக்கூடாது என்று புதுக் கிளீனர் சுப்பனைக் கண்டித்தும் வைத்திருந்தான்.

ஆனால் மெதுவாகப் போகிற பஸ்ஸை யாருக்கும் பிடிக்கவில்லை. மெட்ராஸ் ரயிலைப் பிடிக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஏற்றத்தில் பஸ் நின்று, வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். "இவன் டிரைவர் இல்லடா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள" என்றான் ஒருவன். ராஜமாணிக்கம் கூப்பிட்டு, "கஜபதி ஓட்னப்போ ரயில் ஒருநாளும் தப்பல" என்று மட்டும் சொன்னார். துரை வேகத்தைக் கூட்டினான். சைக்கிள்காரர்கள் தாங்களாகவே பள்ளத்தில் குதித்தார்கள். குதிக்கத்தான் செய்கிறார்கள், பிறகென்ன என்று அவனுக்குத் தோன்றியது. சுப்பன் மறுபடி கம்பியை எடுத்தபோது துரை பார்க்காதவன் போல இருந்துகொண்டான். பாவாவுக்கு மட்டும் குறைத்தான். அதுவும் ஏற்றம் பக்கத்தில் இல்லாதபோது. ஒரு தடவை கொஞ்சம் வேகமாகவே தாண்டிவிட்டான். அன்று ராத்திரிச் சோற்றின்போது வீரபத்திரன், "இன்னிக்கு காத்து பலமா அடிச்சுதுடா" என்று சிரித்ததோடு சரி.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலைக்குப் போகிற கூட்டம் ஊர் ஊராக ரோட்டில் காத்து நின்றது. பஸ்ஸுக்குள்ளே, கூரைமேலே, படியில், எங்கும் மஞ்சள் துணி, பூக்காவடி, அரோகரா. ராஜமாணிக்கமே முன்சீட்டில் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆள் ஏற்றினார். முந்தின டிரிப்பில் ஏற்றத்தில் பஸ் நின்றுபோய், காவடிக்காரர்கள் இறங்கித் தள்ளியிருந்தார்கள். விரதம் இருக்கிறவர்களை இப்படி வதைக்கிறானே என்று ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றியிருந்தார்.

"இந்த வாட்டி பிரேக்ல கால வச்சே, நாளைலருந்து நீ சைக்கிள்தான்" என்றார் ராஜமாணிக்கம்.

ஏற்றத்துக்கு முன்னால் ரோடு நேராக இருந்தது. கப்பி ஓரத்தில் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. கேரியரில், ஓட்டுகிறவன் தலைக்குமேல் எழும்பிய கைலி மூட்டை. திருவிழாக் கடைகளுக்குப் போகிற சரக்கு. மூட்டையைப் பார்த்ததுமே துரைக்குத் தெரிந்துவிட்டது. கை தானாகப் போய் ஹாரனை இரண்டு தட்டுத் தட்டியது.

தட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஒரேயடியாக அழுத்தியிருந்தால் பாவா மண்ணில் இறங்கியிருப்பான். இப்போது அவன் இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கப்பி ஓரமாக, நேராக, நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தான். மறுபடி அழுத்த நேரம் இருந்தது. பிரேக்கை மிதிக்கவும் நேரம் இருந்தது. ராஜமாணிக்கத்தின் முழங்கால் துரையின் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இடம் போதும், தாண்டிவிடலாம் என்று நினைத்துத் துரை ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்தான்.

பஸ்ஸின் முன்பக்கம் தாண்டியது. படியில் தொங்கியவர்களும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு தாண்டினார்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டிருந்த படிக்கம்பி மூட்டையில் மாட்டியது. சைக்கிள் உள்பக்கமாக இழுபட்டது. பின்சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கியதை எல்லோரும் உணர்ந்தார்கள்.

பஸ் நின்றது. அரோகராவும் நின்றது.

வீரபத்திரனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் நினைவு இருந்தது. துரை ஓடிவந்து மண்டியிட்டபோது அவன் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல், புரியாதவன் கேட்கிற மாதிரி கேட்டான்:

"ரெண்டு தட்டு தட்னியேடா?"

பக்கத்தில் நின்ற சுப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பஸ்ல ஏத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றான் துரை.

உள்ளேயிருந்து முதலில் ஒரு பெண் குரல்தான் எழுந்தது. "அய்யய்யோ, காவடி கீது. ரத்தத்த உள்ள ஏத்தாதீங்க." அதைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். சாமி பார்க்கப் போகிற நேரத்தில் இதைப் பார்க்கணுமா, மறுபடி குளிக்கணுமே, பூ தீட்டாகிவிடுமே என்று ஆளுக்கொன்று பேசினார்கள். ராஜமாணிக்கம் பின்னால் வந்த மாட்டுவண்டியைக் கை காட்டி நிறுத்தினார்.

"வண்டில ஏத்துங்க. நீ பஸ்ஸ எடு."

"முதலாளி, எங்க பாவாங்க இவரு."

"தெரியும். எடு."

துரை எடுத்தான். மாடு நடக்கிற வேகத்தில் வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது வீரபத்திரன் செத்து வெகுநேரமாகியிருந்தது. அந்த நேரத்தில் துரை அடிவாரத்தில் பஸ்ஸைக் காலி பண்ணிவிட்டு, அடுத்த டிரிப்புக்குப் பீப்பாயில் கரி போட்டுக்கொண்டிருந்தான். சுப்பன் சக்கரத்தைக் கழுவினான்.

கேசு திருத்தணிக் கோர்ட்டில் நடந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று ராஜமாணிக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார். காவடிக்காரர்களில் நான்கைந்து பேர் சாட்சிக் கூண்டில் ஏறி, சைக்கிள் திடீரென்று குறுக்கே வந்தது என்று சத்தியம் செய்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அன்று எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்களோ, அவர்களுக்கே ஞாபகம் இல்லை.

"ஹாரன் அடித்தாயா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அடிச்சேங்க. ரெண்டு வாட்டி அடிச்சேன்."

மாஜிஸ்திரேட் தலையாட்டி எழுதிக்கொண்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து கௌரியம்மாள் எழுந்துவிட்டாள்.

"சாமி, அது ஒதுங்கச் சொல்ற தட்டு இல்லீங்க. நீ பாட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்னு சொல்ற தட்டுங்க. ரெண்டு பேரும் எங்க வூட்லதான் பேசிகினாங்க. அவனையே கேளுங்க சாமி!"

மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோர்ட் டவாலிச் சேவகன் அவளைத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனான். துரையை நோக்கி, "சைக்கிள் குறுக்கே வந்தது உண்மைதானா?" என்று இன்னொரு தடவை கேட்டார்கள். கௌரியம்மாள் வாசற்படியில் திமிறிக்கொண்டு நின்று அவனையே பார்த்தாள்.

"ஆங். குறுக்க வந்துட்டாருங்க" என்றான் துரை.

விடுதலையானான். அந்த வீட்டுப் பக்கம் பிறகு போகவில்லை. பஸ் ஷெட்டிலேயே படுத்துக்கொண்டான்.

செத்தவனுக்கு மட்டும் விடுதலை கிடைக்கவில்லை. குறுக்கே வந்து செத்தவன் என்ற பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. சைக்கிள் விடப் பழகுகிறவனிடம், "வீரபத்திரன் மாதிரி வளைச்சு வளைச்சு ஓட்டாத" என்று சொன்னார்கள். பள்ளிப்பட்டு லாரிக்காரர்கள், வழிவிடாத சைக்கிள்காரனைப் பார்த்து, "டேய் வீரபத்திரா, ஓரம் போடா!" என்று கத்தினார்கள். வீரபத்திரனைப் பார்த்தே இராதவர்களின் வாயிலும் அது புகுந்தது. நாளாவட்டத்தில் அது ஒரு மனுஷன் பெயர் என்பதே மறந்து, வசவாகிவிட்டது. முதலில் அதைக் கேட்டபோது துரை பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினான். பிறகு நிறுத்தவில்லை. பிறகு காதிலேயே விழவில்லை.

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. பீப்பாயைக் கழற்றினார்கள். பஸ் ஏற்றத்தில் இருமவில்லை. வேகத்தைக் குறைத்தாலும் நிற்கவில்லை. துரைதான் குறைக்கவில்லை. கால் அதற்குப் பழகவே இல்லாமல் போய்விட்டது.

கௌரியம்மாள் வீட்டுத் தறியில் தானே உட்கார்ந்தாள். கைலிகளைத் திருத்தணிக்குக் கொண்டுபோக அவளுக்கும் அந்த பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை. ஏறுவாள், டிரைவர் பக்கம் பார்க்காமல் கடைசிப் பெஞ்சில் உட்காருவாள். வருஷங்களாக இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணாடியில் அவள் தலை தெரிந்தால் துரை கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்வான்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் ஒருநாள் காலை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு சைக்கிள்காரன் கப்பி நடுவிலேயே போனான். துரை ஹாரனை அழுத்தினான். நகரவில்லை. விடாமல் அழுத்தினான். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, முள்ளுக்குப் பயந்தவன் போல ஓரத்தைப் பார்த்துத் தயங்கினான். துரைக்குச் சுள்ளென்று வந்தது. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்:

"டேய் வீரபத்திரா! ஓரம் போடா, சாவுகிராக்கி!"

சைக்கிள்காரன் பள்ளத்தில் விழுந்தான். பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிறுத்து" என்றாள் கௌரியம்மாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

துரை நிறுத்தினான். அவள் மூட்டையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கைக்கெட்டும் தூரத்தில் அவளை அவன் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அடிப்பாள் என்று நினைத்தான். அடித்துவிட மாட்டாளா என்றும் நினைத்தான்.

"பேர மறக்கல நீ" என்றாள். "அது போதும்."

இறங்கி, பஸ் வந்த வழியாகவே திரும்பி நடந்தாள். பள்ளத்தில் விழுந்தவன் சைக்கிளை நிமிர்த்த முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவள் கேரியரைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். துரை கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"இன்னா டிரைவரே, ரயில் தப்பிடப் போவுது" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

துரை கியரைப் போட்டான்.