பேர் வாசித்தால் காலியாகும் வகுப்பு

ஆள் சேர்ப்பதுதான் என் தொழில்: முன்பு மறியலுக்கு, இப்போது அகதி முகாம் பிள்ளைகளின் மாற்றுப் பள்ளிக்கு. நான் படித்ததெல்லாம் துண்டறிக்கை. எனக்குப் பின்னால் கொடி பிடித்து வந்தவன் காரில் போகிறான். நான் கரும்பலகை துடைக்கிறேன். என் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். படகில் வந்தவர்கள், விட்டு வந்த ஊரிலும் பள்ளிக்கூடத்தை மிதித்ததில்லை. ஜூனில் அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ளாவிட்டால் முந்திரி உடைக்கப் போய்விடுவார்கள். இதே மாதிரி வகுப்பில் மாட்டிக்கொண்ட தோழர்களுக்கு என் வேதனை புரியும்.

வருகைப் பதிவு

முதல் நாள் ஒவ்வொரு பேராக வாசித்தேன். "ஓம் சேர்" என்று எழுந்த பிள்ளை பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. முகாமில் அதிகாரி வந்து பேர் வாசித்தால், தலையைக் காட்டிவிட்டுப் போகலாம், அந்தப் பழக்கம். எனக்கு இது உறைப்பதற்குள் பதினோரு பேர் போயாச்சு. கடைசிப் பேர் நிலானி, பன்னிரண்டு வயது. அவள் அசையவில்லை. ஒருத்தியாவது படிக்க வந்தாளே என்று நெகிழ்ந்து, "நீ ஏம்மா போகலை?" என்றேன்.

"நீங்கள் இன்னும் கையெழுத்து வாங்கேல்லை, சேர்."

மறியல்

பாடத்துக்கு முன் அரை மணி நேரம் உரிமை பற்றிப் பேசுவேன். கேட்பதை எழுதிக் கேள், சேர்ந்து கேள் என்பேன். பங்குனியில் ஒருநாள் வந்தால், பன்னிரண்டு பேரும் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். நிலானி கையில் அட்டை: "சேர் பேசுவதைக் குறைக்க வேண்டும். கணக்குச் சொல்லித்தர வேண்டும்." எங்களுக்குச் சமைக்கும் செல்லம்மாள் நியாயம் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் அட்டையை இரண்டு தரம் படித்தாள்.

"ஒரு பிழை இல்லையே தோழர். ஒங்க நோட்டீசுல எங்கிட்டுப் பார்த்தாலும் நாலு இருக்குமே."

சேர்க்கை

ஜூனில் பிள்ளைகளோடு அரசுப் பள்ளித் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். கிளார்க் வாசலிலேயே, "டி.சி. இருக்கா?" என்றார். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு ஏது டி.சி.? அது போதாதா எனக்கு. சட்டத்தில் ஆரம்பித்து உண்ணாவிரதம் வரை வந்துவிட்டேன். இடையில் நிலானி ஒரு தாளை மேசைமேல் வைத்ததைக்கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை. பன்னிரண்டு பேரின் பேரும் வயதும் அவளே எழுதியது. தலைமையாசிரியை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். அலட்சியம் என்று குரலை உயர்த்தினேன். அவர் பேனாவை மூடினார்.

"எல்லாரையும் சேர்த்தாச்சுங்க ஐயா. டி.சி. வேண்டியதில்லைன்னு எங்களுக்கும் தெரியும். நீங்க முடிச்சா பிள்ளைங்க வகுப்புக்குப் போயிடுவாங்க."

என் வாழ்க்கையில் எல்லாக் கோரிக்கையும் நிறைவேறிய போராட்டம் இது ஒன்றுதான், அதையும் என்னை நடத்த விடவில்லை.